கோதுமை பீர் காய்ச்சிய ஞாயிறு

பானையில் கோதுமைச் சாறு இன்னும் கொதிக்க ஆரம்பிக்கவில்லை, ஓரத்தில் மட்டும் நுரை கட்டிக் கட்டிக் கலைந்துகொண்டிருந்தது. குணாளன் நீளக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். நிற்கச் சொல்லியிருந்தார்கள். "நீங்க இதைப் பாத்துக்கிடுங்க, கொதி வந்ததும் கிண்ணத்துல இருக்குற ஹாப்ஸைப் போட்டுருங்க, பொங்கிரக் கூடாது" என்று சொல்லிவிட்டு மங்கை சமையலறைக்குள் போனாள், அவள் பின்னாலேயே ரெமியும் போனான், பீரில் போட ஆரஞ்சுத் தோல் சீவ இரண்டு பேர் எதற்கு என்று குணாளன் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அதற்கும் ரெமியிடம் ஒரு பதில் இருந்திருக்கும், கொத்தமல்லி விதையையும் வறுக்கணும்லா அண்ணாச்சி, கொஞ்சம் அசந்தாலும் கருகிருமே, என்று. கருகட்டுமே. கராஜுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த கதவு ஒருக்களித்துக் கிடந்தது, அதன் வழியாக முதலில் வாணலியில் விதை பொரிகிற சத்தம் வந்தது, பிறகு சின்ன உரலில் இடிக்கிற சத்தம், அது மங்கையின் கைதான், அவள் எப்போதும் இரண்டு இடி இடித்து ஒரு மூச்சு நிறுத்துவாள். இடிக்கிற சத்தம் கேட்கிறவரை ஒன்றுமில்லை. நிற்கும்போதுதான். நின்றால் முகர்ந்து பார்க்கிறார்கள் என்று அர்த்தம், உரலுக்கு மேலே இரண்டு தலையும் குனிந்திருக்கிறது என்று அர்த்தம், அந்த உரலின் வாயோ ஒரு டம்ளர் வாய் அகலம்தான், அதன்மேல் இரண்டு தலை குனிய வேண்டுமென்றால். இப்போது நின்றது. குணாளன் கரண்டியை அசைக்காமல் காத்திருந்தான். "மைனி! இந்த மூக்குக்கு ஒரு கோயில் கட்டணும், கேட்டியளா!" ரெமியின் குரல். மங்கை சிரித்தாள். மூக்குக்குக் கோயில். சிரிக்கும்படி அதில் என்ன இருக்கிறது. கோயில் கட்டினால் அவன்தான் பூசாரி, அவனே மணியடிப்பான், அவனே தீபாராதனை காட்டுவான், குணாளன் வெளியே உட்கார்ந்து செருப்புக்குக் காவல் இருப்பான்.

இத்தனைக்கும் இந்த வீட்டில் பீர் காய்ச்ச ஆரம்பித்தது குணாளன்தான். மெல்பர்னுக்கு மேற்கே, காற்று ஓயாத இந்தப் புதுக் குடியிருப்பில் வீடு வாங்கி வந்த முதல் குளிர்காலத்தில், அவனோடு வேலையில் லிஃப்ட் பழுது பார்க்கிற ஒருவன் கொண்டுவந்து கொடுத்த ஒரு புட்டியைக் குடித்துவிட்டு, இதையா வீட்டில் செய்தாய் என்று வாய்பிளந்து, அந்த வாரமே போய்ப் பானையும் குழாயும் வாங்கி வந்தவன் அவன். முதல் தடவை அடைத்த புட்டிகள் துணி துவைக்கிற அறையில் ஒவ்வொன்றாக வெடித்தன, மங்கை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு துடைப்பத்தோடு உள்ளே போய்க் கண்ணாடிச் சில்லைக் கூட்டினாள், கழனித்தொட்டி மாதிரி நாறுது, இதைக் குடிக்கவா இம்புட்டுப் பாடு என்றாள். அப்போதெல்லாம் அவள் கராஜ் பக்கமே வரமாட்டாள். அந்தக் கொரோனாக் காய்ச்சல் வந்து அவன் மூக்கை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் வந்தாள். மற்றவர்களுக்கெல்லாம் போனது திரும்பி வந்தது. அவனுக்குக் காப்பி வெறும் சூடாகவும் சாம்பார் வெறும் புளிப்பாகவும் ஆகி, பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற ஹாப்ஸ் பூவை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர்ந்தால் தேயிலைத் தூசியை முகர்ந்த மாதிரி ஒன்றுமே இல்லாமல் ஆகி, பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவன் உட்கார்ந்திருந்தபோது, மங்கைதான், நான் மோந்து சொல்லுதேன், நீங்க காய்ச்சுங்க என்றாள். அவளுக்கு அந்தத் தொழிலின் வார்த்தைகள் ஒன்றும் தெரியாது. கிளாஸை மூக்கருகே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நனைஞ்ச சாக்கு, என்பாள். பேனா மை, என்பாள். ஒரு தடவை நெடுநேரம் யோசித்துவிட்டு, மழைக்கு முந்தி கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு, என்றாள், அவன் விழுந்து விழுந்து சிரித்தான், ஆனால் அந்தப் பீர் எப்படி இருந்தது என்று அவனுக்கு அந்த நிமிடம் முழுதாகத் தெரிந்துவிட்டது. அந்தச் சொற்கள் உலகத்தில் அவன் ஒருவனுக்காகச் சொல்லப்பட்டவை. இப்போது அவள் அதே மாதிரிச் சொற்களை ரெமியிடம் சொல்கிறாள். போன மாதம் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் கிளப்பில், எல்லாரும் வட்டமாக நின்று ஒருவர் பீரை ஒருவர் ருசி பார்க்கிற அந்தக் கூடத்தில், ரெமி நீட்டிய கிளாஸை முகர்ந்துவிட்டு, புதுப் பாய் விரிச்ச மாதிரி இருக்கு என்றாள், ரெமி தொடையைத் தட்டி, அதேதான் மைனி, அதேதான், பத்தமடைப் பாய் என்றான். அதேதான் என்று சொல்ல அவனால் முடிகிறது. குணாளனால் முடியாது. ஆனாலும் குணாளனும் சொன்னான், ஆமா, பாய் மாதிரிதான், என்று, கிளாஸைக் கையில் சுழற்றிக்கொண்டே, கொஞ்சம் தாமதமாக.

ஏனென்றால் மூக்கு திரும்பி வந்துவிட்டது என்று அவன் மங்கையிடம் சொல்லியிருந்தான். ஏன் சொன்னான். அவள் பாவப்பட்டது அவனுக்குப் பொறுக்கவில்லை, அதனால் சொன்னான். மீன் வறுப்பதை நிறுத்தினாள், ரசத்துக்குப் பெருங்காயம் போடுவதை நிறுத்தினாள், இந்திய மளிகைக் கடையில் வெள்ளிக்கிழமை வரும் மல்லிகைப்பூவை வாங்காமல் வந்தாள், கேட்டால், உங்களுக்கு இல்லாதது எனக்கு எதுக்கு என்றாள், இழவு வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நடந்துகொள்கிற மாதிரி வீட்டுக்குள் மெல்ல நடந்தாள். ஒரு நாள் காலையில் காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டு, மணக்குது, என்று சொல்லிவிட்டான். வெறும் ஒரு சொல். அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள், அழுதாள், பால் பொங்கி வழிந்தது. அதற்குப் பிறகு எப்படி இல்லை என்று சொல்வது. சமாளிக்கப் பழகிக்கொண்டான். முதலில் மற்றவர் வாயைப் பார்க்க வேண்டும், அவர்கள் சொன்னதில் பாதியைச் சொல்ல வேண்டும், சந்தேகமாக இருந்தால், நீ என்ன நினைக்கே என்று திருப்பிக் கேட்க வேண்டும். இரண்டு பேர் மட்டும் இருக்கும்வரை அது நடந்தது. கிளப்பில் பழக்கமாகி ரெமி வீட்டுக்கு வந்த பிறகுதான் அவனுடைய பாதிச் சொற்களுக்குப் பக்கத்தில் முழுச் சொற்கள் வந்து உட்கார்ந்தன. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், பெண்டாட்டி பிரிந்து போய்விட்டவன், கருவாட்டு மணத்துல வளந்தும் தப்பிப் பிழைச்ச மூக்கு அண்ணாச்சி இது என்று தன் மூக்கைத் தானே தட்டிக்காட்டுகிறவன். இன்று காலையிலும் அப்படித்தான், இப்போதெல்லாம் காய்ச்சுவது மங்கைதான், அவளுடைய மால்ட், முளைகட்டிக் காயவைத்த கோதுமை, வெந்நீரில் ஊறிக் களியாகி, அடியில் இருக்கிற குழாய் வழியாக ஒரு சொட்டும் இறங்காமல் நின்றது, கோதுமைக்கு உமி கிடையாது, அதனால் அப்படி அடைக்கும், குணாளனுக்குத் தெரியாததா, கிண்டிவிடு, கிண்டிவிட்டால் இறங்கும் என்றான், மங்கை கிண்டினாள், இன்னும் இறுகியது. ரெமி மண்டி போட்டு உட்கார்ந்து குழாயில் வாயை வைத்துக் கன்னம் உப்ப ஊதினான், பானைக்குள் பொளக் பொளக்கென்று குமிழி எழும்பியது, அடைப்பு விட்டது, சாறு தேன் நிறத்தில் ஒழுக ஆரம்பித்தது. மங்கை கை தட்டினாள். சின்னப் பிள்ளை மாதிரி. அந்தக் கைதட்டலைக் கேட்டபோதுதான் சாற்றின் அடர்த்தி பார்க்கிற கண்ணாடிக் குழல் குணாளன் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது, அது தானாகத்தான் நழுவியது, இல்லை என்று யாரும் சொல்லவில்லை, பார்த்து நில்லுங்க, கால்ல குத்திரும் என்று மட்டும் சொன்னாள். பார்த்து நில்லுங்க. கோபப்படக்கூட இல்லை. கோபப்படுவதற்கு அவன் அந்த வேலையில் இருந்தால்தானே.

சமையலறையில் மறுபடியும் சத்தம் இல்லை. இந்த அமைதியில் அவன் ஒன்றை நினைத்தான், நினைக்கக் கூடாது என்று பல நாளாகத் தள்ளிவைத்திருந்தது, தள்ளத் தள்ளத் தண்ணீரில் அமுக்கிய பந்து மாதிரி மேலே வருவது. ரெமிக்கு மங்கையின் மணம் தெரியும். பக்கத்தில் குனிந்து நிற்கிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா, அவள் தலைக்கு என்ன தேய்த்திருக்கிறாள், கழுத்தில் என்ன பூசியிருக்கிறாள், காலையிலிருந்து அடுப்படியில் நின்ற வியர்வை எப்படி, எல்லாம் அவனுக்குத் தெரியும், அவன் ஒரு தப்பும் செய்ய வேண்டாம், விரலால் தொட வேண்டாம், சும்மா மூச்சு விட்டால் போதும், உள்ளே போய்விடும். இந்த வீட்டுக்காரனுக்கு, தாலி கட்டியவனுக்கு, தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவளின் தோளில் முகத்தை வைத்து இழுத்து இழுத்து மூச்சு விடுகிறான், ஒன்றும் வருவதில்லை, போட்டோவை முகர்ந்த மாதிரி. இன்று அவள் ஏதாவது புதிதாகப் பூசியிருக்கிறாளா. பூசியிருந்தால் யாருக்காக. ஞாயிற்றுக்கிழமை, வீட்டில், பீர் காய்ச்ச, எதற்குக் கண்ணுக்கு மை. மை கண்ணுக்குத் தெரிகிறது, தெரிந்துவிட்டது, தெரியாதது எவ்வளவு. ஒரு மனுஷனை வீட்டுக்குள்ளேயே குருடனாக்கி வைக்க இதைவிட என்ன வேண்டும், அவன் கண் முன்னாலேயே எல்லாம் நடக்கும், அவனுக்குத் தெரியாது. நடக்கிறது என்று அவன் சொல்லவில்லை. மங்கை அப்படிப்பட்டவள் இல்லை. அப்படிப்பட்டவள் என்றால் எப்படிப்பட்டவள், சே, என்ன புத்தி இது. ஆனால் கை தட்டினாளே. ரெமி ஊதிய குழாயை அவள் துடைக்காமலேயே எடுத்துப் பொருத்தினாளே. அதில் என்ன, அது குழாய். மூக்குக்குக் கோயில். "இன்னும் ஒரு தோலு போடலாமா?" என்று மங்கை உள்ளே கேட்டாள், "கிட்ட வாங்க, இதை மோந்துட்டுச் சொல்லுங்க," கிட்ட வாங்க என்று சொன்னாள், தெளிவாகக் காதில் விழுந்தது. அவனை அவள் கடைசியாகக் கிட்ட வாங்க என்று எப்போது கூப்பிட்டாள்.

பாதி தூக்கியிருந்த ரோலர் கதவுக்குக் கீழே ஜூலை மாதத்துக் குளிர்காற்று புகுந்து அடுப்புத் தீயைச் சாய்த்துக்கொண்டிருந்தது. குணாளன் போய் அந்தக் கதவைத் தடதடவென்று தரைவரை இழுத்து மூடினான். காற்றுக்காகத்தான் மூடினான், ஆனால் அவ்வளவு சத்தமாக மூடியிருக்க வேண்டாம், அவள் என்னவென்று எட்டிப்பார்ப்பாள் என்று நினைத்தான், பார்க்கவில்லை. பிறகு வந்து சமையலறைக் கதவையும் சாத்தினான், கேட்க வேண்டாம் என்று, சாத்திய பிறகு இன்னும் நன்றாகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். சாறு கொதி வந்துவிட்டது. கிண்ணத்தில் இருந்த ஹாப்ஸை அப்படியே ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தான், கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும், அவனே மங்கைக்குச் சொல்லிக் கொடுத்தது அது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பானை முழுவதும் ஒரே மூச்சாக எழுந்தது. பச்சை நுரை விளிம்பைத் தாண்டி நாலு பக்கமும் வழிந்து, பானையின் வயிற்றில் இறங்கி, அடுப்பில் சீறி, தரையெல்லாம் ஓடியது, போட்ட ஹாப்ஸில் பெரும்பங்கு அதோடு போனது. அவன் கரண்டியால் அடித்தான், துணியால் ஒற்றினான், கை சுட்டது, அடுப்பின் திருகை எட்டித் திருப்பினான், குறைத்ததாகத்தான் நினைத்தான். நுரை இறங்கியது. நல்லவேளை, அவர்கள் பார்க்கவில்லை. தரையில் கிடந்ததைக் காலாலேயே ஓரத்துக்குத் தள்ளினான், பானையின் வெளிப்புறத்தைத் துடைத்தான், ஒன்றும் நடக்காத மாதிரி கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே ரெமி ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தான், கதவு சாத்தியிருந்ததால் சொல் பிடிபடவில்லை, குரலின் ஏற்ற இறக்கம் மட்டும், நடுவில் மங்கையின் 'அய்யோ' ஒன்று, சிரிப்போடு சேர்ந்த அய்யோ. என்ன சொல்லியிருப்பான். பெண்டாட்டி பிரிந்த கதையையா, அதில் சிரிக்க என்ன இருக்கிறது, இல்லை அவனைப் பற்றியா, கண்ணாடிக் குழல் விழுந்ததைப் பற்றியா. அடுப்பு உஸ்ஸென்று சன்னமாகச் சத்தம் போட்டது. சாறு ஏன் அடங்கிக் கிடக்கிறது. தீயை ரொம்பக் குறைத்துவிட்டேன் போல என்று திருகைக் கூட்டினான். உஸ்ஸென்ற சத்தம் கூடியது, கொதி வரவில்லை. 'அய்யோ' என்று எதற்குச் சொன்னாள். குனிந்து பார்த்தான். அடுப்பு அணைந்திருந்தது. பொங்கியபோதே அணைந்திருக்கும். அட, இவ்வளவுதானா, என்று ஆணியில் தொங்கிய கேஸ் லைட்டரை எடுத்தான், அவர்கள் வருவதற்குள் பற்றவைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது, குனிந்து, லைட்டரின் முனையை அடுப்பின் வளையத்துக்குக் கொண்டுபோனான்.

"அண்ணாச்சி! அமுக்காதீய! கையை எடுங்க!"

கதவைத் திறந்த வேகத்தில் ரெமி அவன்மேல் வந்து மோதினான். லைட்டரைப் பிடுங்கிக் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டான், சிலிண்டரின் திருகை மூடினான், ஓடிப்போய் ரோலர் கதவை இரண்டு கையாலும் மேலே தள்ளினான். வெயிலும் காற்றும் ஒன்றாக உள்ளே விழுந்தன. ரெமி வாசலில் நின்று இருமினான், இருமிக்கொண்டே திரும்பி வந்து சமையலறைக் கதவைக் காலால் சாத்தினான்.

"என்ன ஆச்சு?" என்று உள்ளேயிருந்து மங்கை கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மைனி! சாறு பொங்கிட்டு! பொங்கலோ பொங்கல்! நீங்க தோலைச் சீவுங்க!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினான். "இம்புட்டு கேஸு. உள்ள கால வைக்க முடியல, மண்டையப் பொளக்கு. நீங்க குனிஞ்சு பத்த வைக்கப் போறீய." அப்புறம் எதையோ கேட்க வாயெடுத்து, குணாளன் முகத்தைப் பார்த்து நிறுத்தி, மெதுவாகக் கேட்டான். "அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

சளி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லாமல் கவிழ்த்து வைத்திருந்த வாளியில் உட்கார்ந்தான், உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது, கதவுக்கு அந்தப் பக்கம் மங்கை நின்றாள், நடுவில் ஒரு சுவர்தான், ஒரு பொறி போதுமாக இருந்தது. "இல்ல," என்றான்.

"எதுவுமேயா?"

"எதுவுமே."

"மைனி சொன்னாவளே, திரும்பி வந்துட்டுன்னு."

"நான்தான் அவகிட்ட அப்படிச் சொன்னேன்."

ரெமி பிடரியைச் சொறிந்தான். குணாளன் அவன் முகத்தையே பார்த்தான், ஒரு சின்ன இளக்காரம் தெரிந்தால் போதும், பிடித்துக்கொள்ளலாம், காலையிலிருந்து சேர்த்துவைத்ததையெல்லாம் அதன்மேல் கொட்டலாம். ரெமியோ, "கூறுகெட்ட பய நான்," என்று தன் தலையில் அடித்துக்கொண்டான். "ஒவ்வொரு தடவையும் உங்க மூஞ்சிக்கு நேர கிளாஸை நீட்டி, இது என்ன மணம், அது என்ன மணம்னு… மன்னிச்சிருங்க அண்ணாச்சி." இவனை என்ன செய்வது. வெறுக்க வாகாக இருந்தவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து இருவருமாகத் தரையோடு தரையாக விசிறி கேஸை வெளியே தள்ளினார்கள். வெகுநேரம் கழித்து, ரெமி நாலு மூலையிலும் போய் முகர்ந்து பார்த்து, தலையாட்டிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்தான்.

மங்கை தட்டில் தோலும் இடித்த விதையுமாக வந்தாள். வாசலிலேயே நின்றாள். "கேஸ் நாறுதே?"

"கொஞ்சம் அணைஞ்சு போச்சு மைனி, இப்பச் சரியாகிட்டு," என்றான் ரெமி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"தரையெல்லாம் என்ன இது? ஹாப்ஸ் பூரா இங்க கிடக்கு." இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன பேசிட்டிருந்தீங்க? நான் வந்ததும் ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டீங்க."

ரெமி விசிறிய அட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தான். அப்போது அவள் முகத்தில் ஒன்று வந்தது. புருவத்துக்கு நடுவில் ஒரு சின்னச் சுருக்கம், கீழுதடு உள்ளே போயிற்று, கண் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போய், அவர்களுக்கு நடுவில் எதையோ தேடியது. குணாளனுக்கு அந்தப் பார்வையைத் தெரியும், கண்ணாடியில் பார்த்ததில்லை, ஆனால் உள்ளிருந்து தெரியும், காலையிலிருந்து அவன் அதைத்தான் போட்டுக்கொண்டு நின்றான். நல்லா வேணும் என்று ஒரு இமைப்பொழுது இருந்தது, நிஜமாகவே இனித்தது, நீயும் கொஞ்சம் வெளியே நில்லு, கதவுக்கு இந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று பாரு. அடுத்த இமைப்பில் அவளைப் பார்க்கவே முடியவில்லை.

"ஹோஸ் பைப்பு எடுத்துட்டு வாரேன், தரை பிசுபிசுன்னு கிடக்கு," என்று ரெமி வெளியே போனான்.

"மங்கை," என்றான் குணாளன். "அடுப்பு அணைஞ்சு கேஸ் திறந்தே கிடந்துது. நான் லைட்டரை எடுத்துட்டேன். ரெமி வரலைன்னா நாம யாரும் இல்ல."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "சளி பிடிச்சிருக்கா உங்களுக்கு?"

"இல்ல. எனக்கு மணம் திரும்பி வரவே இல்ல. அன்னைக்குக் காப்பி மணக்குதுன்னு சொன்னது பொய்."

எதையோ பின்னோக்கி எண்ணிக்கொண்டு போகிறவள் மாதிரி அவள் கண் நகர்ந்தது. ஒவ்வொரு இடத்திலும் அது நிற்பது அவனுக்குத் தெரிந்தது. "அப்ப என் முதல் பீரு?" என்றாள். "வாழைப்பழம் மணக்குது, இது போதும் மங்கை, இதைக் கிளப்புக்குக் கொண்டு போன்னு சொன்னீங்களே?"

"முந்தின நாள் ரெமி ருசி பாத்துட்டுப் போன்ல சொன்னான். அதைத்தான் சொன்னேன்."

"அவரு எல்லாருக்கும்தாங்க சொல்வாரு. தெருவுல போற நாய்க்கும் கோயில் கட்டணும்பாரு. நீங்க சொன்னீங்கன்னுதான் நான் கொண்டு போனேன்." குரல் உடைந்தது, அதை அவள் கோபமாக மாற்றிக்கொண்டாள். "அந்தத் தலையெண்ணெய்? கடைக்காரி பேச்சைக் கேட்டு ஒண்ணு வாங்கித் தேய்ச்சுட்டு வந்து எப்படி இருக்குன்னு கேட்டேனே? எனக்கே குமட்டிக்கிட்டு வந்துது அது. நல்லா இருக்குன்னு சொல்லிட்டு டிவியைப் பாத்தீங்க. மறுநாளே குப்பையில போட்டேன். அன்னைக்கு ராத்திரி பூரா படுத்துக்கிட்டு நினைச்சேன், இவுகளுக்கு நான் இருக்கிறதே உறைக்கலைன்னு. உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னு. எத்தனை நாளா அப்படியே நினைச்சுட்டிருக்கேன் தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது. அவள் தோளில் முகம் வைத்து இழுத்து இழுத்து மூச்சு விட்ட அதே படுக்கையில் அவள் அந்தப் பக்கம் திரும்பி இப்படி நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அவன் கிளாஸைச் சுழற்றிக்கொண்டு யாரை வேவு பார்த்தான், எதைக் காத்தான். தினமும் உன்னை மோந்து மோந்து பார்க்கிறேன் மங்கை, என்று சொல்ல வேண்டும், சொன்னால் அவளுக்கு நாய் மாதிரி என்று படுமோ என்று வந்தது, இருந்தாலும் சொன்னான். அதையே சொன்னான். "தெனமும் மோந்து பாக்கேன். வரவே மாட்டேங்குது."

மங்கை முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். சமாதானமாகவில்லை, அது முதுகைப் பார்த்தால் தெரிந்தது, பானைப் பக்கம் திரும்பி நின்று கிண்டினாள், கரண்டி பானையில் இடித்தது. சாறு மறுபடி கொதித்துக்கொண்டிருந்தது. நெடுநேரம் கிண்டினாள். பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் மொண்டு, ஊதி ஊதி ஆற்றி, அவனைப் பார்க்காமலேயே நீட்டினாள்.

"நாக்காவது இருக்கா, அதுவும் பொய்யா?"

"நாக்கு இருக்கு. புளிப்பு, உப்பு, இனிப்பு, கசப்பு. அவ்வளவுதான்."

"குடிச்சுட்டு என்ன தெரியுதோ அதை மட்டும் சொல்லுங்க. எனக்காக ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

வாயில் வைத்துக்கொண்டான். யார் வாயையும் பார்க்க முடியாது, யாரும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இனிப்பு முதலில் வந்து நாக்கு முழுவதும் படுத்துக்கொண்டது, கனமான இனிப்பு, அதற்குப் பின்னால் கசப்பைத் தேடினான், அடிநாக்கில் ஒரு கீற்று மாதிரி வந்து நிற்பதற்குள் போய்விட்டது. மற்றவர்கள் மணத்தால் நிரப்பிக்கொள்ளும் இடமெல்லாம் அவனுக்குக் காலியாக இருந்ததால் அது அவ்வளவு துலக்கமாகத் தெரிந்தது. விழுங்கினான். "கசப்பு பத்தாது," என்றான். "ரொம்பவே பத்தாது. இப்படியே விட்டா ரெண்டு வாய்க்கு மேல திகட்டிரும்."

அவள் அவனைப் பார்த்தாள், முகத்தில் அந்தச் சுருக்கம் அப்படியே இருந்தது. பிறகு அலமாரியைத் திறந்து ஹாப்ஸ் பையை எடுத்து, ஒரு கை அள்ளி, கொஞ்சம் யோசித்து இன்னொரு கையும் அள்ளி, பானையைச் சுற்றி மெதுவாகத் தூவினாள். நுரை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கியது.

ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு வந்த ரெமி வாசலில் நின்றான். "மைனி, கூடிராதா? நாம பேசுனதுக்கு மேல போகுதே?"

"அவுக பத்தலைன்னு சொல்லுதாக," என்றாள் மங்கை, கையைத் தட்டிக்கொண்டே. "இன்னும் கொஞ்ச நேரம் கூடக் கொதிக்கட்டும்."

"அப்பச் சரி," என்றான் ரெமி. பைப்பைக் கீழே போட்டுவிட்டுப் பானைக்குக் கிட்டே வந்தான், பழக்கம், ஆவிக்கு மேல் குனிந்து கண்ணை மூடி மூச்சை இழுத்தான், முகம் மலர்ந்தது, வாயைத் திறந்தான், சட்டென்று குணாளன் ஞாபகம் வந்து மூடிக்கொண்டான், தப்புச் செய்தவன் மாதிரி ஓர் அடி பின்னால் நகர்ந்தான். மங்கையும் ஆவிக்குப் பக்கத்தில்தான் நின்றாள், அவளும் அதை உள்ளே இழுத்திருப்பாள். இரண்டு பேருக்கும் தெரிந்தது, இவனுக்குத் தெரியாது. குணாளனுக்கு நெஞ்சில் அது மறுபடி சுருக்கென்றது, போய்விடவில்லை, எங்கே போகும். ஓர் எட்டு முன்னே வைத்து அவர்களுக்கு நடுவில் வந்து நின்றான், ஆவி முகத்தில் வெறும் ஈரமாக, வெறும் சூடாகப் பட்டது.

"சொல்லு ரெமி," என்றான். "என்ன மணக்குது?"

ரெமி வாய் திறப்பதற்குள் மங்கை சொல்ல ஆரம்பித்தாள்.